சாரலும் சக்கரமும்

குற்றாலத்துச் சீஸனைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இல்லை. அருவியின் அழகு, எண்ணெய்க் குளியலின் சுகம், குரங்குகளின் சேஷ்டை ஆகிய யாவற்றையும் பிறர் எழுதித் தீர்த்துவிட்டார்கள். ஆகவே, மிச்சமிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி இவ்வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். அது மோட்டார் டயர்.

"அருவிக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம்?" என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டென்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே திரிகூடராசப்பக் கவிராயர் கண்டுகொண்டார். அருவித் திவலை வானம் வரை எழும்பித் தெறிப்பதால் சூரியனுடைய தேர்ச் சக்கரமே அங்கே வழுக்குகிறதென்று தமது குறவஞ்சியில் அவர் பாடியிருக்கிறார். கவியின் கற்பனை என்றுதான் அதை இத்தனை காலமும் ரசித்து வந்தோம். சென்ற ஆடி மாதத்தில்தான் அது அனுபவ உண்மை என்று விளங்கிற்று.

எமது நண்பர் ஒருவரிடம் ஒரு மோட்டார் வண்டி இருக்கிறது. அது குடும்ப வண்டிதான். ஐந்து பேர் தாராளமாய் உட்காரலாம், பின்புறத்தில் மூட்டை முடிச்சுகளை அடைக்கலாம். ஆனால் அதன் சுபாவம் பந்தயக் குதிரையின் சுபாவம். காலை லேசாக அழுத்தினால் போதும், பாய்ந்துவிடும். அந்த வண்டியில் நண்பர், அவர் மனைவியார், இரண்டு குழந்தைகள், நாம் ஆக ஐவரும் பழைய குற்றாலத்தில் நீராடிவிட்டு அந்தி வேளையில் தென்காசிக்குத் திரும்பிக் கொண்டிருந்தோம். சாரல் பூவாகத் தூவிக்கொண்டிருந்தது. சாலை கண்ணாடிபோல் பளபளத்தது. ஒரு வளைவில் வண்டியின் முன்பாகம் சாலையோடு திரும்பிற்று; பின்பாகமோ தனக்கென்று வேறொரு வழியைத் தேடிக்கொண்டது. வண்டி அரை வட்டமடித்து, மங்குஸ்தான் பழம் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரின் தள்ளுவண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது.

அந்த அம்மையார் எழுந்திருக்கக்கூட இல்லை. "ஏன் ஐயா, அருவியைப் பாக்க வந்தீகளா, என்னைப் பாக்க வந்தீகளா?" என்று கேட்டார். குழந்தைகள் சிரித்தன. பெரியவர்களாகிய எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு சாண் இல்லாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்பொழுதும் கை நடுங்குகிறது.

மறுநாட் காலை தென்காசியில் ஒரு டயர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் நாற்பது வருஷம் இதே தொழிலில் இருப்பவர். பின் சக்கரங்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "முன்னால் ரெண்டும் புதுசு, பின்னால் ரெண்டும் மொட்டை. யார் சார் இப்படி மாட்டினது?" என்று கேட்டார். முந்தின மாதம் வேறோர் ஊரில் இரண்டு டயர் மட்டும் மாற்றினார்களாம். இழுக்கிற சக்கரம் முன் சக்கரம்தானே என்று புதியவற்றை முன்னால் பூட்டிவிட்டார்கள். பலரும் செய்கிற தவறு இது. முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினாலோ வண்டியே பம்பரமாகிவிடும். ஆகையால் இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால், எந்தச் சக்கரம் இழுத்தாலும் சரி, புதியவை பின்னால்தான் போகவேண்டும்.

மொட்டை டயர் ஈரத்தில் ஏன் வழுக்குகிறது? டயரின் மேலுள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல, அவை வாய்க்கால்கள். சாலையில் நிற்கும் தண்ணீரை வாரி ஒதுக்கி, ரப்பர் தரையைத் தொடும்படி செய்வது அவற்றின் வேலை. பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் வெளியேற வழியின்றிச் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே தங்கிவிடும். அப்பொழுது வண்டி சக்கர வாகனமல்ல, படகு. படகுக்குப் பிரேக் ஏது? புது டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பள்ளத்தினடியில் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். டயர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீட்டர், உடனே கழற்றவேண்டும். சாரலில் வண்டியோட்டுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது விவேகம்.

நான்கையும் மாற்றுவதென்று முடிவாயிற்று. ஆனால் எந்த டயர்? இங்கேதான் குடும்பத்துக்குள் கட்சிகள் ஏற்பட்டன. நண்பருடைய மருமகப் பிள்ளை, கல்லூரி வாலிபர், செய்தி கேட்டுத் திருநெல்வேலியிலிருந்து ஓடி வந்தார். "மாமா, இந்த வண்டிக்கு இன்னும் அகலமான டயர் போட்டால்தான் எடுப்பாக இருக்கும்" என்றார் அவர். நண்பரின் மனைவியார், "எடுப்பு வேண்டாம், எது அதிக நாள் உழைக்குமோ அதுவே போதும்" என்றார். நண்பர் எம் முகத்தைப் பார்த்தார். நாம் கடைக்காரர் முகத்தைப் பார்த்தோம்.

"சண்டை எதுக்கு? டயரே பேசும், படிச்சுப் பாருங்க" என்றார் அவர். பழைய டயரின் பக்கவாட்டில் 195/55 ஆர் 16, 87 வி என்று பொறித்திருந்தது. 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு பக்கச் சுவரின் உயரம். 'ஆர்' என்பது ரேடியல் கட்டுமானம். 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 87 என்ற எண் ஒரு டயர் 545 கிலோ சுமக்கும் என்பதற்குக் குறியீடு. 'வி' என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். தென்காசி வீதியில் அந்த வேகம் யாருக்கு வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் சூட்டைத் தாங்கும் சக்தியும் அந்த எழுத்தில் அடங்கியிருக்கிறது. வண்டி செய்தவர்கள் விதித்ததற்குக் குறைந்ததைப் பூட்டுவது தகாது.

அகலக் கட்சிக்கு அவர் சொன்ன பதில் சுவையானது. 195-க்குப் பதில் 205 போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். அதற்குத் தக்கபடி வேகமானி குறைத்துக் காட்டும். காய்ந்த சாலையில் பிடிப்பு ஏறலாம். ஆனால் அகலமான டயர் தண்ணீரின் மேல் எளிதில் மிதக்கும். எண்ணெய்ச் செலவும் ஏறும். "சாரல் ஊருக்கு அகலம் அழகில்லை தம்பி" என்று முடித்தார்.

உழைப்புக் கட்சிக்கும் பதில் இருந்தது. கெட்டியான ரப்பர் நெடுநாள் உழைக்கும், ஆனால் ஈரத்தில் பிடிப்புக் குறைவு. மெதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இவ்விரண்டையும் ஒருவாறு சமரசப்படுத்தியது சிலிகா என்னும் பொருள். அதைக் கரிப்பொடிக்குப் பதிலாகப் பெருமளவில் ரப்பரில் கலக்கும் முறை 1990-களில் பரவிற்று. ஈரத்தில் பிடிப்பும் கூடிற்று, உருளுவதில் வீணாகும் சக்தியும் குறைந்தது. ஆகையால் மோட்டார்க் குடும்பஸ்தர்கள் கடையில் முதலாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்?" என்பதல்ல, "ஈரத்தில் எப்படி நிற்கும்?" என்பதே.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். டயருக்கும் ஜாதகம் உண்டு. பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருஷம் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. கடையிலேயே வருஷக்கணக்கில் தூங்கிய டயரை வாங்கக்கூடாது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

சுதேசி, விதேசிப் பிரச்னையும் எழாமலில்லை. இதில் நம்மவர் வெட்கப்பட வேண்டியதில்லை. 1946-இல் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் பழைய டயருக்கு மேற்பட்டை போடும் ரப்பரில் இறங்கினார். 1961-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கூட்டுறவுடன் டயரே செய்தார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி. இன்று அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் அதற்குத் தொழிற்சாலைகள் உண்டு; சென்னையைச் சுற்றி வேறு பல கம்பெனிகளும் டயர் செய்கின்றன. அவற்றுக்கு வேண்டிய ரப்பரோ, செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் புனலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் சொட்டுச் சொட்டாய் வடிந்துகொண்டிருக்கிறது. ஆனால் எவ்வூர்ச் சரக்கானாலும் ஈரப் பரீட்சையில் தேறவேண்டும். தேசபக்தி வளைவில் பிரேக் போடாது.

கடைசியில் வண்டி செய்தவர்கள் விதித்த அதே அளவில், ஈரப் பிடிப்பில் பெயரெடுத்த நான்கு டயர்கள் பூட்டப்பட்டன. கம்பெனியின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பீர்கள், ஆகையால் சொல்லவில்லை. கதவோரச் சீட்டில் கண்ட அளவுக்குக் காற்று நிரப்பி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினார் கடைக்காரர். "புது டயர் முதல் இருநூறு, முன்னூறு கிலோமீட்டர் கொஞ்சம் வழுக்கும். மெதுவாப் போங்க" என்று வாலிபரைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மாலை மறுபடியும் அதே வளைவு வழியாகப் போனோம். அதே சாரல், அதே பளபளப்பு. வண்டி சாதுவாகத் திரும்பி, தள்ளுவண்டிக்குப் பத்தடி தள்ளி நின்றது. இரண்டு கிலோ மங்குஸ்தான் வாங்கினோம். அம்மையார் பழத்தை நிறுத்துக்கொண்டே, குனிந்து சக்கரங்களை ஒருமுறை பார்த்தார்.

"இன்னைக்குப் பழம் வாங்கத்தான் வந்திருக்கீக" என்றார்.