டிராகன் போட்ட மார்க்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கொடுத்தாலும் கூட்டிக் கழித்து, அடியில் இரண்டு கோடு போட்டால்தான் தூக்கம் வரும். மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோதும் அதைத்தான் செய்தேன்.

ஆய்க்குடி. குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த சமயம். காலை ஆறரைக்கு மாமா திண்ணையில் நின்றபடி, இது பாலில் தண்ணீரா, தண்ணீரில் பாலா என்று பால்காரரிடம் தினசரி விசாரணையை நடத்தினார். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அத்தை கொடுத்த காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் கோணியது. பேச்சு குழறியது.

உடனே கிளம்பினோமா? அதுதான் இல்லை.

"குத்தாலத்துல குளிச்ச குளிர்ச்சிதான். சுக்குத்தண்ணி குடுங்க, சரியாப் போயிரும்" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. (நல்லகாலம், கொடுக்கவில்லை. வாய் கோணியவருக்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடலாம்.) இன்னொருவர் வாயு என்றார். நான் மூன்று பேருக்குப் போன் போட்டு அபிப்பிராயம் கேட்டேன். மாநாடு நாற்பது நிமிஷம் நடந்தது. தலைமை: அடியேன்.

திருநெல்வேலி போய்ச் சேர்ந்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?"

"பால்காரர்ட்ட சண்டை போடும்போது நல்லாத்தான் இருந்தாக. ஆறரை இருக்கும்" என்றாள் அத்தை.

அந்தச் சண்டை மட்டும் நடந்திருக்காவிட்டால், முந்தின ராத்திரி படுக்கப் போன நேரத்திலிருந்து கணக்குப் பார்ப்பார்களாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்தபின், துலாபாரம் மாதிரி ஆளின் எடைக்கு ஏற்ப மருந்து: கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு உடனே, மீதி ஒரு மணி நேரத்தில். 1995ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், இந்த மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானது. டாக்டர் அதையும் சொல்லித்தான் கையெழுத்து கேட்டார். என் கையெழுத்து அன்று என் கையெழுத்து மாதிரியே இல்லை. ஒன்பது இருபதுக்கு ஊசி ஏறியது.

"பழையபடி ஆயிருவாகளா, டாக்டர்?"

சின்ன டாக்டர் ஒருவர் காகிதத்தை எடுத்தார். டிராகன் என்று ஒரு கணக்காம். ஹெல்சின்கி டாக்டர்கள் 2012ல் போட்டது. வயசு 68, ஒரு மார்க். சர்க்கரை 210, ஒன்று. ஊசி போட தொண்ணூறு நிமிஷத்துக்கு மேல் ஆனதால் ஒன்று. கை, கால், பேச்சு எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு இரண்டு. ஸ்கேனில் கெட்ட அடையாளம் இல்லை, முன்பே முடங்கியவரும் இல்லை: இரண்டும் பூஜ்யம். ஆக, பத்துக்கு ஐந்து. நான் பாஸ் என்று நினைத்தேன். இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் பாஸ்! ஒன்றோ அதற்குக் கீழோ என்றால், மூன்று மாதத்தில் நூற்றுக்கு 96 பேர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார்கள். மூன்று என்றால் 74 பேர். எட்டுக்கு மேல் போனால் ஒருவரும் இல்லை. மாமா நட்டநடுவில்.

"இது நூறு பேருக்கான கணக்கு. இவர் அந்த நூறில் எந்த ஆள்னு இது சொல்லாது. நாளைக்கு இதே நேரம் கை எப்படி இருக்குன்னு பார்த்தா இன்னும் தெளிவாத் தெரியும்" என்றார்.

அன்று ராத்திரி வராந்தா பெஞ்சில் நான் இன்னொரு கணக்குப் போட்டேன். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிஷத்துக்குச் சராசரி 19 லட்சம் நரம்பு செல்கள் சாகும் என்று 2006ல் ஓர் அமெரிக்க டாக்டர் கணக்கிட்டிருக்கிறார். நாற்பது நிமிஷ மாநாடு... 7 கோடியே 60 லட்சம். டிராகனிலோ அது தெரியவே தெரியாது. நாற்பது நிமிஷம் முன்னால் போயிருந்தாலும் தொண்ணூறைத் தாண்டித்தான் இருப்போம், அதே ஒரு மார்க். ஆடிட்டர் கண்ணில் படாத நஷ்டம். மாமா யாருடைய கணக்கிலோ வலது கையால் கட்டியிருக்கிறார்.

அத்தையிடம் மார்க்கைச் சொன்னேன். "நம்மூர் ராமகிருஷ்ணனுக்கு எத்தனை மார்க் போட்டாகளாம்?" என்றாள்.

1975ல் பெங்களூரில் கடற்படைத் தேர்வில் மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1981ல் இதே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020ல் பத்மஸ்ரீ. அது முதுகுத்தண்டு, இது மூளை, வேறே வேறே கேஸ் என்று விளக்கினேன். அத்தை காதிலேயே வாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பிறர் உதவியில்லாமல் நடக்க முடிகிறதா என்று கேட்கிற எந்த அளவுகோலும் அவருக்கு மோசமான மார்க்தான் போட்டிருக்கும்.

மறுநாள் காலை மாமாவின் கட்டைவிரல் அசைந்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது. கைத்தடியோடு நடக்கிறார். சட்டைப் பொத்தான் இன்னும் அத்தைதான் போடுகிறாள். நேற்று நான் போனபோது திண்ணையில் இடது கையில் பால் செம்போடு நின்றிருந்தார்.

"த... தண்ணி" என்றார் பால்காரரிடம், வலது கையைப் பாதி தூக்கி.