கறுப்புக்கு எடுக்காத கலரா?

"நிறம் கம்மியா இருக்கியே, இந்தக் கலர் உனக்கு எடுக்காதும்மா!" துணிக்கடைகளில் மாநிறப் பெண்கள் கேட்டுச் சலித்த பேச்சு இது. உண்மையில் எடுக்காமல் போவது வெளிறிய சந்தன நிறமும் சாம்பல் நிறமும்தான். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி வெடித்து நிற்பதைப் பாருங்கள், புரியும்.

அடர்நிறங்களைச் சேர்த்துக் கட்டப் பயமா? 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலையைப் பாருங்கள். அரக்கு, கறுப்பு, கடுகு மஞ்சள் என ஒரே சேலையில் கட்டம் கட்டமாக, சண்டை போடாமல் இருக்கும். ரவிக்கை அந்த நிறங்களில் ஒன்றில், வேலைப்பாடு இல்லாமல் இருந்தால் போதும்.

வீட்டுக்கு? வெயில் பொசுக்கும் ஊரில் வெளிச்சுவருக்கு அடர்நிறம் வேண்டாம், சூட்டை இழுக்கும். மொட்டைமாடிக்கு வெள்ளையேதான். கூடத்தில் ஒரே ஒரு சுவருக்கு மயில்கழுத்து நீலம் அடியுங்கள். வாடகை வீடு என்றால் சுவரைத் தொட வேண்டாம். கிழிந்த கண்டாங்கியில் நல்ல பாகத்தை வெட்டி ஜன்னல் திரையாகத் தைக்கலாம். அடர்நிறப் பருத்தியை முதல் சில தடவை தனியாக அலசி, நிழலில் காயப் போடுங்கள். இந்த ஊர் வெயில் சாயத்தை உறிஞ்சிவிடும்.