காதில் விழாத அபாய மணி

அரியலூரில் உட்கார்ந்துகொண்டு கடற்படகைப் பற்றி எழுதுவதாவது என்று நேயர்கள் நகைக்கக்கூடும். நியாயந்தான். இப்பகுதியை விட்டுக் கடல் விலகி ஏறக்குறைய ஆறு கோடி வருஷமாகிறது. அது விட்டுச்சென்றவை சுண்ணாம்புக் கல்லும், அதிலே பதிந்து கிடக்கும் சிப்பிகளுந்தான். அந்தக் கல்லை அரைக்கச் சிமெண்டு ஆலைகள் வந்தன. சிமெண்டைச் சுமக்க லாரிகள் வந்தன. அந்த லாரிகளின் வழியாகத்தான் படகு விஷயம் நம்மிடம் வந்து சேர்ந்தது.

லாரிகளுக்கு மின்சார வேலை செய்யும் நண்பர் ஒருவர் நமக்கு இங்கே உண்டு. அவரைத் தேடி நாகப்பட்டினத்திலிருந்து விசைப்படகுக்காரர் ஒருவர் வந்திருந்தார். விசைப்படகுகள் பலவற்றில் லாரி எஞ்சினே ஓடுவதால் ஏற்பட்ட பழக்கம் அது. "அண்ணே! ஜி.பி.எஸ். பெட்டி கத்துகிறதாம், எனக்குத்தான் கேட்கமாட்டேன் என்கிறது. லாரி ஹாரன் ஒன்றை அதோடு சேர்த்துக் கொடுங்கள்" என்றார். நண்பர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

வானத்துச் செயற்கைக் கோள்களின் துணைகொண்டு படகு இருக்கும் இடத்தைக் காட்டுவதே அந்தப் பெட்டியின் வேலை. நங்கூரம் பிடி விட்டுப் படகு நகர்ந்தாலும், குறித்துவைத்த எல்லைக்கோட்டை நெருங்கினாலும், ஆழமானி சேர்ந்திருந்தால் தண்ணீர் ஆழம் குறைந்தாலும், அது மணி அடிக்கும். ஆனால் எப்பேர்ப்பட்ட மணி! கைக்கடிகாரத்தின் கீச்சுக் குரலைவிடச் சற்று பெரிது, அவ்வளவே. அடுக்களையில் குக்கர் விசிலடித்தால் கொல்லைப்புறத்தில் துணி உலர்த்தும் அம்மாளுக்குக் கேட்கிறது. படகிலோ, காலுக்குக் கீழே டீசல் எஞ்சின் உறுமுகிறது, காற்று வீசுகிறது, பின்புறத்தில் நாலைந்து பேர் வலை இழுக்கிறார்கள். சுக்கான் அறைக்குள் கீச்சிடும் பெட்டியை யார் கேட்பது?

எச்சரிக்கை வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை அரியலூருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி, விடியுமுன், பெருமழையில், சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற எக்ஸ்பிரஸ் வண்டி ஊருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. எஞ்சின் டிரைவருக்கு அது எப்படித் தெரியும்? 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி ஸ்ரீ லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். பெரம்பலூரில் இன்றும் ரயில் நிலையம் இல்லை. அவ்வூரார் பலர் அரியலூருக்கு வந்துதான் வண்டி ஏறுகிறார்கள். தெற்கே போகும் ஒவ்வொரு முறையும் அந்த ஆற்றைக் கடக்கிறார்கள்.

ரயில்வேக்காரர்களிடம் ஒரு பழைய யுக்தி உண்டு. மூடுபனியிலும், முன்னே அபாயம் இருக்கும்போதும், தண்டவாளத்தின்மேல் ஒரு சிறு வெடிவில்லையைக் கட்டிவைப்பார்கள். சக்கரம் ஏறினதும் அது வெடிக்கும். கொடியைக் காணாத டிரைவருக்கும், விளக்கைக் காணாத டிரைவருக்கும், எஞ்சின் இரைச்சலை மீறி அந்த வெடி கேட்டே தீரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் கண்டவர்கள், எச்சரிக்கை யார் காதில் விழவேண்டுமோ அவரிடமிருந்து யோசனையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

கடலில் நிலைமை அப்படியில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உருவானபோது, குமரி மாவட்டத்து மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். கரையிலிருந்து பேசும் கம்பியில்லாக் கருவியின் எல்லையை அவர்கள் தாண்டியிருந்தனர். புயல் செய்தி இருந்தது. அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கவே 2019-இல் 'ஜெமினி' என்னும் கருவி வெளியாயிற்று. ககன் செயற்கைக் கோள் வழியாக வரும் எச்சரிக்கையை அது பெற்றுப் படகிலுள்ள கைபேசிக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்வெளியிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த செய்தி, கடைசி நாலு கஜத்தைக் கைபேசியின் சின்ன வாயால் கடக்க வேண்டியிருக்கிறது. கைபேசியோ சட்டைப் பையில், சட்டையோ ஆணியில்!

பாக் நீரிணையிலும் இதே கதை. 1974, 1976-ஆம் வருஷத்து ஒப்பந்தங்கள் வகுத்த இலங்கை எல்லைக்கோடு தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. பெட்டி மணி அடித்தால்தான் தெரியும். மணி கேட்காததனால் மட்டுமே எல்லை தாண்டுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. மீன் அந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும், வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் எந்தச் சங்கும் மாற்றாது. ஆனால் தெரியாமல் தாண்டிச் சிறைப்படுகிறவன் ஒருவன் இருந்தாலும், அவனுக்கு ஒரு ஹாரன் கொடுப்பதில் நஷ்டமில்லை.

நண்பரின் வேலைக்கு வருவோம். முதலில் அவர் செய்தது தவறு. பல பெட்டிகளின் பின்புறத்துக் கம்பிக் கொத்தில் அலாரத்துக்கென்று தனிக் கம்பி ஒன்று உண்டு. ஹாரனை அதில் நேரே மாட்டினார். ஹாரன் ஒரு தரம் முனகியது; அத்துடன் அந்தக் கம்பி செத்தது. அது மின்சாரம் வழங்கும் கம்பியன்று. மிகச் சிறிய மின்னோட்டத்தை மட்டும் தாங்கும் சுவிட்சு. ஹாரனோ பல ஆம்பியர் விழுங்கும். இடையிலே ஒரு ரிலே வேண்டும். பெட்டி ரிலேயை எழுப்ப, ரிலே ஹாரனை எழுப்பும். ரிலேச் சுருளின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு டையோடு போடவேண்டும்; இல்லாவிட்டால் சுருள் அணையும்போது எழும் மின்னதிர்ச்சி பெட்டியைத் தாக்கும். டையோடின் கோடு போட்ட முனை பாசிடிவ் பக்கம் இருக்க வேண்டும். சில பெட்டிகள் லாரி ரிலேயின் சுருளைக்கூடத் தாங்கா. கையேட்டைப் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். பாட்டரி 12 வோல்டா, 24 வோல்டா என்பதை அறிந்து, அதற்கேற்ற ஹாரனும் ரிலேயும் வாங்கி, பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் வைத்தால் தீ பயமில்லை. ஹாரனுக்குள் காந்தம் இருப்பதால் திசைகாட்டியின் அருகே அதைப் பொருத்தக் கூடாது. நீர் தேங்காதபடி வாயைச் சற்றுக் கீழ்நோக்கி வைப்பது நலம்.

எவ்வளவு சத்தம் வேண்டும்? சுற்றியுள்ள இரைச்சலைவிடக் குறைந்தது 10 டெசிபெல் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது கப்பல்களுக்கான சர்வதேச விதி. தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 110 என்று அட்டையில் போட்டிருக்கும் ஹாரன், எட்டு மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு 92 தான். எஞ்சின் சத்தம் அங்கே 85 என்றால் போதாது. ஆகவே சுக்கான் அறையின் உள்ளே வைப்பதில் பயனில்லை. வெளியே, வலை இழுப்பவர்களைப் பார்க்க வைக்கவேண்டும்.

பெரிய கப்பல்களுக்கு 2011 முதல் படிப்படியாக மற்றொரு ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. காவலிலிருக்கும் அதிகாரி குறித்த நேரத்துக்குள் பொத்தானை அமுக்காவிட்டால் முதலில் விளக்கு மினுக்கும். பிறகு அவர் பக்கத்தில் மணி அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் மாலுமித் தலைவரின் அறையில் அடிக்கும். கும்பகர்ணனை எழுப்பும் முறைதான்! நாகப்பட்டினத்து விசைப்படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இரண்டாம் முறை ரிலே வைத்து ஹாரன் ஊதியபோது, பட்டறை நாய் தெருமுனை வரை ஓடியது. படகுக்காரருக்குப் பரம திருப்தி. சத்தம் தாங்காமல் பையன்கள் அணைத்துவிடக்கூடும் என்று ஒரு சுவிட்சும், அணைந்திருப்பதைக் காட்டச் சிவப்பு விளக்கும் வைத்துக் கொடுத்த நண்பர், போகும்போது ஒன்று சொன்னார்: "தம்பி, இது பட்டறை, இங்கே கேட்டது கணக்கில்லை. துறைமுகத்தில் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, பெட்டியை மணி அடிக்கச் செய்யுங்கள். பின்புறம் கடைசியில் நிற்கிற பையன் கையைத் தூக்கவேண்டும். தூக்கவில்லை என்றால், ஹாரனை இடம் மாற்றி மறுபடி பாருங்கள்."