அவிழ்த்துவிட்டால் காப்புறுதி வந்துவிடுமா?

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு மருத்துவக் காப்புறுதி வராததற்குச் சட்டம்தான் காரணமாம். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால், கைபேசி மீதியில் நாளுக்குச் சில ரூபாயைக் கழித்துக்கொண்டு, தோணிக்காரர் முதல் படுவான்கரை விவசாயி வரை எல்லாரையும் நிறுவனங்கள் காத்துவிடுமாம். விற்க வந்தவர் பேச்சு என்றைக்குக் கசந்தது?

இங்கே காசு எதில் கரைகிறது என்பதே இந்த வாதக்காரர்களுக்குத் தெரியவில்லை. அரச வைத்தியசாலை வார்டில் கிடக்கக் கட்டணமில்லை. நீரிழிவுக்காரர் பணம் இறைப்பது வார்டுக்கு வெளியே: கிளினிக்கில் இல்லாத மருந்தைப் பார்மசியில் வாங்க, வெளியே இரத்தம் சோதிக்க, மண்டூரில் பாதைப் படகு ஏறி வாவி கடந்து களுவாஞ்சிக்குடி போய்வர. மலிவுத் திட்டங்கள் பெரும்பாலும் தருவதோ, வார்டில் தங்கிய இரவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. ஏற்கெனவே இருந்த நோய் என்றால் அதற்கும் கைவிரிப்பு. நோயாளியை விலக்கிவிட்டு நோய்க்குக் காப்புறுதி விற்பதுதான் புதுமையா?

கைபேசிக் காப்புறுதியின் கதி தெரிய வேண்டுமா? சிம்பாப்வேயில் 2010இல் தொடங்கிய 'ஈக்கோலைஃப்' ஆயுள் காப்புறுதியில் ஏழே மாதத்தில் வயதுவந்தோரில் ஐந்திலொருவர் சேர்ந்தனர். 2011இல் கூட்டு நிறுவனங்கள் பணத்துக்காகப் பிணங்கின. ஒரே இரவில் இலட்சக்கணக்கானோரின் காப்புறுதி மறைந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? வாசல்வாசலாக வந்த நுண்கடனையும் ஏழைகளுக்கான புதுமை என்றுதான் புகழ்ந்தார்கள். நுண்நிதிச் சட்டம் வந்தது 2016இல். 2018இல் மட்டக்களப்பு உட்பட வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடனை அரசே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. சட்டம் பிந்தியதற்கான வட்டியைக் கட்டியவர்கள் எங்கள் பெண்கள்.

இந்தியாவைப் பாருங்கள். சுயஉதவிக் குழுக்கள் நுண்காப்புறுதி முகவர்களாக வழி திறந்தவை 2005இன் ஒழுங்குவிதிகள். முன்பிருந்த நோய்க்கான காத்திருப்பை நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைத்ததும் 2024இல் ஒழுங்குபடுத்தும் ஆணையமே. நிறுவனங்கள் தாமாக இரங்கவில்லை.

நமக்கும் காப்புறுதியை ஒழுங்குபடுத்த 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆணைக்குழு இருக்கிறது, கொழும்பில். குறை அது இங்கே எட்டாததுதான். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். வெளிநோயாளர் மருந்துச் செலவும் அதில் அடங்கட்டும். காத்திருப்புக் காலத்துக்கு உச்சவரம்பு வேண்டும். முறைப்பாட்டை மட்டக்களப்புக் கச்சேரியிலேயே விசாரிக்க வேண்டும். இவற்றுக்கு ஒப்பாத நிறுவனத்துக்கு இந்தக் கரையில் ஒரு ரூபாயும் கழிக்க இடம் கொடுக்கக்கூடாது.