துவிச்சக்கரவண்டி திருத்துபவர்

காற்றுப்போன ரியூப்பில் ஒட்டுப்போட எவரும் பழகிவிடலாம். துளை எப்புறம் விழுந்ததென நோக்குபவரையே நாம் தொழில் தெரிந்தவர் என்போம். வெளிப்புறமாயின் ரயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளைத் தேடுவார். றிம் பக்கமாயின் கம்பிமுனை துருத்தி நிற்கிறதா எனப் பார்ப்பார். முள்ளை விட்டுவைத்தால், வீடு சேருமுன் அதுவே மறுபடியும் துளையிடும்.

இடது மிதியின் மரை எதிர்த்திசையிற் சுழல்வது. அதை அறியாது பலங்காட்டுபவரிடம் வண்டியை விடலாகாது.

1990களில், எரிபொருள் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், நோயாளரையும் சைக்கிளே சுமந்தது. இன்றும் பள்ளிப்பிள்ளைகள் பலர் அதிலேதான் செல்கின்றனர். தேய்ந்த பிறேக் கட்டையை மாற்றாமல் வண்டியைத் தரமாட்டேன் என்பவரை, காசு பறிக்கிறார் எனப் பெற்றோர் ஏசுவர். ஏசட்டும், மாரிமழையில் அந்தக் கட்டை ஈரறிம்மில் வழுக்கும் என்பதை அவர் அறிவார்.