பாயிரம் பாட ஆளில்லாத ஆசிரியன்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்று விதித்த நம் இலக்கணிகள், அதனை யார் சொல்ல வேண்டும் என்பதையும் வரையறுத்தனர். நூலாசிரியனின் ஆசிரியன், உடன் கற்றவன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வரிடமே சிறப்புப்பாயிரம் செய்யும் கடமையை ஒப்படைக்கிறது நன்னூல். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனாரை உடன் பயின்றவர் என்றே மரபு கூறும். எத்துணை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது பவணந்தியாரின் தீர்ப்பு.

இந்நால்வருள் ஒருவரும் வாய்க்காதவன் என் செய்வான்? நிரல்மொழி ஒன்றைத் தானே முயன்று கற்று, பிறர்க்கும் பயன்படட்டும் என்று இணையத்தில் பாடம் எழுதி வைக்கும் இளைஞனின் நிலை இதுதான். படிக்க வருபவன் முன்பின் அறியாதவன். ஆகவே தன்னைப் பற்றித் தானே பேசியாக வேண்டும், பேசினால் தற்புகழ்ச்சியாகிவிடும். இந்த இக்கட்டிலிருந்து மீள அவன் கண்ட வழி நகைச்சுவை.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஹாஸ்கெல் என்பது தருக்கவியலாளர் ஹாஸ்கெல் கர்ரியின் பெயர் தாங்கிய நிரல்மொழி. அதன் முதல் வரையறை 1990இல் வெளியாயிற்று. கணிதச் சாயல் மிகுந்த அம்மொழியை அணுகவே அஞ்சுவோர் பலர். சுலோவீனியத் தலைநகர் லியுப்லியானாவில் கணினியியல் மாணவராக இருந்த மிரான் லிப்போவாச்சா அதற்கொரு பாடம் எழுதினார். தலைப்பையே வேண்டுமென்று பிழையான ஆங்கிலத்தில் அமைத்தார்; கோணல்மாணலான படங்களையும் தாமே வரைந்தார். 2011இல் நோ ஸ்டார்ச் பிரஸ் அதனை அச்சு நூலாக வெளியிட்டது.

அந்நூலின் ஆசிரியர் குறிப்பில் பட்டங்களின் அணிவகுப்பு இல்லை. குத்துச்சண்டையும் பேஸ் கிட்டாரும் பிடிக்கும். நடனமாடும் எலும்புக்கூடுகள் மீதும் 71 என்ற எண்ணின் மீதும் ஈர்ப்புண்டு. தானியங்கிக் கதவு திறக்கும்போது தம் மனவலிமையால்தான் திறந்தது என்று பாவனை செய்துகொள்வார். கிடைக்கும் செய்திகள் இத்தகையவை. பாடத்தின் முன்னுரையிலோ, இம்மொழியைக் கற்பதில் ஏறத்தாழ இரண்டு முறை தோற்றதாகச் சொல்கிறார். இரண்டு என்பதற்கு முன் 'ஏறத்தாழ' எதற்கு? குறும்பு அச்சொல்லில்தான் இருக்கிறது.

இதனை வெற்று வேடிக்கை என்று ஒதுக்குவதற்கில்லை. கற்க வருபவனின் முதற்பகை பாடத்தின் கடுமையன்று, 'இது நமக்கு வருமா' என்னும் கூச்சமே. ஆசிரியனே தோற்றுத் தோற்றுக் கற்றவன் என்று அறிந்தால் அக்கூச்சம் பாதியாகக் குறைகிறது. இன்னொன்றும் நோக்கத்தக்கது. தன் ஆற்றலை அறியாதார் நடுவே தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நன்னூலே விலக்கு அளித்துள்ளது. முகமறியாத வாசகர்க்கு எழுதும் இவருக்கு அவ்வுரிமை முழுமையாக உண்டு. கிடைத்த உரிமையைப் பயன்படுத்தாமல் சிரிக்க வைத்ததில்தான் இவருடைய பெருந்தன்மை விளங்குகிறது.

அவையடக்கம் நமக்குப் புதிதன்று. பாற்கடலை நக்கியே குடித்துவிட முனையும் பூனையாகத் தம்மைக் காட்டிக்கொண்டார் கம்பர். அக்காட்சியைக் கண்முன் நிறுத்திப் பார்ப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன? மேடையில் 'சிறியேன்' என்கிறோம். பின்னட்டையில், 'இவர்' என்று படர்க்கையில் தொடங்கி, பட்டம், பதவி, விருது, கருத்தரங்கு அனைத்தையும் நாமே எழுதி அச்சுக்கு அனுப்புகிறோம். நன்னூல் சொன்ன நால்வரோடு ஐந்தாமவராக இந்த 'இவர்' சேர்ந்துகொண்டார். அப்பட்டியலைப் படித்து எந்த மாணவனும் துணிவு பெற்றதில்லை.

நகைச்சுவைக்கும் எல்லை உண்டு. தன்னைத் தாழ்த்திக்கொள்வதே தந்திரமான தற்பெருமையாகிவிடலாம். முன்னுரையில் சிரிக்க வைத்துவிட்டுப் பாடத்தில் கைவிடுவோரும் உளர். லிப்போவாச்சாவின் கேலி தம்மை நோக்கியது, கற்பவனை நோக்கியதன்று. பாடத்திலும் அவர் வாசகனைக் கைப்பிடித்து மெல்ல மெல்ல ஏற்றுகிறார். இவ்விரண்டும் இல்லையேல் கேலி வெறும் கேலிக்கூத்தாகும்.

தமிழில் இலக்கணம், யாப்பு, கணினி எதற்கேனும் எளிய பாடம் எழுத முற்படும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: உங்கள் அறிமுகத்தில் வாங்கிய பட்டங்களைச் சொல்லுங்கள், தவறில்லை. எத்தனை முறை தோற்றபின் பாடம் பிடிபட்டது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். படிக்க வருபவன் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.