வியர்வை சாட்சி சொல்லாது

பரபரப்பான வழக்கு எது வந்தாலும், "பாலிகிராஃப் சோதனை வைத்தால் தெரிந்துவிடும்" என்கிறார்கள். வாய் பொய் சொன்னாலும் உடம்பு சொல்லாதாம். அந்தக் கருவி எதை அளக்கிறது என்று பார்த்தாலே இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். புஜத்தில் ரத்த அழுத்தப் பட்டை, மார்பிலும் வயிற்றிலும் மூச்சைப் பதியும் குழாய்கள், விரல் நுனிகளில் மின்முனைகள். மனம் பதறினால் விரலில் வியர்வை கசியும். தோலில் மின்சாரம் சற்று எளிதாகப் பாயும். திரையில் கோடு எழும்பும். பதற்றத்தை அது அளக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பொய்க்கென்று தனி வியர்வை கிடையாது. மாட்டிக்கொள்வோமோ என்ற குற்றவாளியின் பயத்துக்கும், செய்யாத பழி தலையில் விழுமோ என்ற நிரபராதியின் பயத்துக்கும் கோடு ஒரே மாதிரிதான் எழும்பும். வேறு கேள்விகளோடு ஒப்பிட்டுத்தானே முடிவு சொல்கிறார்கள் என்பார்கள். "இதுவரை யாரையாவது ஏமாற்றியதுண்டா?" என்று கேட்டால் நிரபராதி அதற்கே அதிகம் பதறுவான் என்பது அவர்கள் கணக்கு. "கொன்றது நீதானே?" என்ற கேள்வியில் தன் வாழ்க்கையே தொங்குவதை அறிந்தவன் எதற்குப் பதறுவான்?

நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தால் போதாதா என்பது அடுத்த வாதம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003இல் இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொன்னது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும்படி சோதனையைக் கடுமையாக்கினால், கூடவே ஏறக்குறைய 1,600 அப்பாவிகளும் சிக்குவார்கள். தளர்த்தினால் 8 உளவாளிகள் தப்பிவிடுவார்கள். தப்பியவர்கள் கற்பனை மனிதர்களும் அல்ல. சோவியத் யூனியனுக்கு ரகசியங்களை விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986லும் 1991லும் இந்தச் சோதனையில் தேறினார், 1994இல்தான் கைதானார்.

சம்மதம் பெற்றுத்தானே செய்கிறார்கள் என்ற சமாதானம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், கட்டாயப்படுத்தி இச்சோதனை நடத்துவது அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவுக்கு விரோதம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மதித்தாலும் அதை மாஜிஸ்திரேட் முன்னால் பதிய வேண்டும். சோதனை முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது என்றும் சொன்னது. துப்புத் துலக்க உதவுமே என்பார்கள். தவறான கோட்டை நம்பி ஓர் அப்பாவியின் பின்னால் அலையும் நாட்களில், உண்மைக் குற்றவாளி தடயங்களை அழித்துக்கொண்டிருப்பான். காவலில் இருப்பவர் மறுத்தாலோ, "சோதனைக்கு மறுப்பு" என்ற செய்தியே அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறது. நீதிமன்றம் தந்த மறுக்கும் உரிமையை, தலைப்புச் செய்தி பறித்துக்கொள்கிறது.